வேலைக்காகச் சென்னைக்கு வருகிறீர்களா? ஊருக்குள் வீடா, புறநகரில் வீடா என்று முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

புறநகர் என்றால் வாடகை குறைவு, அலுவலகம் தூரம். ஊருக்குள் என்றால் வாடகை அதிகம், அலுவலகம் பக்கம். சென்னைக்கு வீடு தேடி வருகிற பலரும் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை இதில் பாதி தப்பு. இங்கே வேலை ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்குக் கேளம்பாக்கம்தான் பக்கம், தி. நகர் தூரம். ஒரகடத்தில் வேலை கிடைத்தவர் மயிலாப்பூரில் வீடு எடுத்தால் ஒரு வழிக்கே நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அதனால் ஊரா புறநகரா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அலுவலகத்தின் வாசல் எங்கே இருக்கிறது, அந்த வாசலுக்கு எந்தத் தடம் போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

பணி ஆணையில் இருக்கும் முகவரி நிறுவனத்தின் பதிவு முகவரியாக இருக்கலாம். நீங்கள் உட்காரப் போகும் கட்டடம் எது, வாரத்தில் எத்தனை நாள் வரவேண்டும், ஷிப்ட் உண்டா, கம்பெனி பஸ் எந்தெந்த நிறுத்தங்களில் நிற்கும் என்ற நான்கையும் மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இவை தெரியாமல் வீடு தேடுவது வீண் அலைச்சல்.

தடம் பார்க்கும் முறை

சென்னையில் நேரத்தை நம்பிச் சொல்லக்கூடியது ரயில் மட்டும்தான். சாலையில் பதினைந்து கிலோமீட்டர் ஒரு நாள் நாற்பது நிமிடம் ஆகும், மழை நாளில் இரண்டு மணி நேரமும் ஆகும்.

தரமணி, டைடல் பார்க், பெருங்குடி பக்கம் அலுவலகம் என்றால் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை போகும் பறக்கும் ரயில் உங்களுக்கானது. திருவான்மியூர் நிலையத்திலிருந்து டைடல் பார்க்குக்கு நடந்தே போகலாம். திருமயிலை, வேளச்சேரி இரண்டு பக்கமும் வீடு தேடலாம். கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் என்றால் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடமும் மெட்ரோவும் இருக்கின்றன. இங்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் நல்ல தேர்வு. அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றால் சென்ட்ரல்–அரக்கோணம் தடம். கொரட்டூர், பட்டரவாக்கம், ஆவடி என்று தேடுங்கள். மறைமலைநகர் அல்லது பரனூர் அருகே மகேந்திரா சிட்டி என்றால், காலையில் நகரத்தை நோக்கி ஓடும் கூட்டத்துக்கு நேரெதிர் திசையில் போவீர்கள். ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். தாம்பரத்தில் குடியிருந்தால் ஊர் வசதியும் இருக்கும், நெரிசலும் இருக்காது. இந்தச் சாதகத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

சிறுசேரிக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இப்படி வாசல் வரை போகும் ரயில் கிடையாது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி தடம் உண்டு. ஆனால் வரப்போகிற ரயிலை நம்பி இன்று வாடகை கொடுக்காதீர்கள். கட்டுமானம் நடக்கும் சாலையில் தூசியும் மாற்றுப்பாதையும்தான் உடனே கிடைப்பவை. இந்தப் பகுதிகளில் கம்பெனி பஸ் தடத்தில் வீடு பார்ப்பதே சரி. அதிலும் அலுவலகத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் நிறுத்தமாகப் பாருங்கள். தடத்தின் முதல் நிறுத்தத்தில் ஏறுபவர்தான் தினமும் விடியற்காலையில் எழ வேண்டியிருக்கும்.

ரயில் தடத்தில் வீடு பார்க்கும்போது இரண்டு விஷயங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, தாம்பரத்தைத் தாண்டினால் ரயில்கள் குறையும். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்தில் வீடு என்றால் நீங்கள் திரும்பும் நேரத்தில் இரண்டு ரயிலுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, கடைசி ரயில் எப்போது என்று அட்டவணையில் பாருங்கள். இரண்டு, தண்டவாளத்தின் எந்தப் பக்கம் வீடு என்பது. நிலையம் ஒரு கிலோமீட்டர் என்று வரைபடம் காட்டும். நடுவில் கடக்க ஒரே ஒரு சுரங்கப்பாதை இருந்து, அது மழையில் நிரம்பினால், சுற்றிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் போகவேண்டும்.

விளம்பரத்தில் 'ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்' என்றிருந்தால் அது ராத்திரி பதினொரு மணிக்கு பைக்கில் போகும் ஐந்து நிமிடம். வேலை நாள் ஒன்றில் காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். அதே நாள் மாலை ஆறரைக்குத் திரும்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தது கணக்கில் சேராது.

தண்ணீர்

வாடகையைவிடத் தண்ணீர்தான் உங்கள் மாதத்தை நிர்ணயிக்கும். சென்னை மாநகராட்சி 2011-இல் 155 வார்டிலிருந்து 200 வார்டாக விரிந்தது. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. எல்லைக்கோடு நகர்ந்த வேகத்தில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் நகரவில்லை. ஆகவே 'இது கார்ப்பரேஷன் லிமிட்தான்' என்று தரகர் சொன்னால் அதற்குக் குழாயில் தண்ணீர் வரும் என்று பொருள் இல்லை.

வாட்ச்மேனிடமும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி, ஏப்ரல் மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வாங்கினார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். இருபத்திரண்டு வீடுகள் உள்ள அடுக்ககத்துக்கு ஏறக்குறைய 12,000 லிட்டர், அதாவது தினமும் ஒரு பெரிய லாரி. போர் வற்றினால் அந்தச் செலவு முழுவதும் மெயின்டனன்ஸில் ஏறும். ஆகவே போன வருடத்து மே மாத மெயின்டனன்ஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

தண்ணீர் வருகிறதா என்பது போலவே எப்படிப்பட்ட தண்ணீர் என்பதும் முக்கியம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீடு பார்க்கப் போகும்போது சமையலறைக் குழாயிலும் குளியலறைக் குழாயிலும் பிடித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. 1,500-ஐத் தாண்டும் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கீசரின் சுருள் உப்புப் பிடித்துச் சீக்கிரம் போகும். மீட்டர் கையில் இல்லாவிட்டால் குழாயின் வாயையும் டைல்ஸின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைப் படலம் சுரண்டினாலும் போகவில்லை என்றால் உப்புத் தண்ணீர்.

கழிவுநீரையும் கேட்டுவிடுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் செப்டிக் டேங்க், அல்லது பெரிய வளாகமாக இருந்தால் சுத்திகரிப்பு நிலையம். செப்டிக் டேங்க் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியதும் சீக்கிரம் நிரம்பும். கழிவுநீர் லாரிக்கு ஒவ்வொரு நடைக்கும் காசு. தரைத்தளத்தில் குளியலறைத் தண்ணீர் மெதுவாக இறங்கினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

மழை

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. ஆக, வெள்ளத்துக்கு ஊர், புறநகர் என்ற வேறுபாடு கிடையாது. தாழ்வான இடம், ஏரியின் வழிந்தோடும் பாதை, ஆற்றங்கரை என்பதுதான் கணக்கு. பள்ளிக்கரணை சதுப்புநிலம் தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பும் இடம். அதன் ஓரத்தில் கட்டிய வீட்டுக்குத் தண்ணீர் வருவது இயற்கையே.

நேரில் பார்க்க வேண்டியவை: மதில் சுவரில் வெளிர் பழுப்புக் கோடு இருக்கிறதா? ஈ.பி. பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஒரே தெருவில் எல்லா வீடுகளிலும் பெட்டியை உயர்த்தி வைத்திருந்தால் அந்தத் தெருவுக்கு அனுபவம் உண்டு. சாலையைவிட வாசல் தாழ்ந்திருக்கிறதா? பழைய அடுக்ககங்களில் சாலை மேல் சாலை போட்டு, வாசல் பள்ளமாகிவிட்டிருக்கும். பக்கத்து மளிகைக் கடைக்காரரிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் 'மிக்ஜாம் அப்போ தண்ணி எது வரைக்கும் வந்துச்சு, கரண்ட் எத்தனை நாள் இல்ல?' என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

மூன்றாம் மாடி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் தெருவில் தண்ணீர் வடியும் வரை மின்சாரம் வராது, மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது, லிப்ட் ஓடாது. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் வளாகத்தில் ஜெனரேட்டரே முதலில் மூழ்கும். வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் இந்த ஒன்றை நன்றாக யோசிக்க வேண்டும்.

பணக் கணக்கு

வாடகை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதாது. எப்படிக் கணக்குப் போடுவது என்று காட்ட ஓர் உதாரணம். எண்களை உங்கள் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அலுவலகம் டைடல் பார்க். வேளச்சேரியில் 26,000 ரூபாய்க்கு ஒரு வீடு, கூடுவாஞ்சேரியில் 14,000 ரூபாய்க்கு ஒரு வீடு. வாடகையில் மிச்சம் 12,000. பைக்கில் ஒரு வழி 6 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 22 வேலை நாளுக்கு 1,056 கிலோமீட்டர் கூடுதல். வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோல் 101 ரூபாய் விலையில், ஏறக்குறைய 2,400. டயர், ஆயில், சர்வீஸுக்கு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வைத்தால் இன்னொரு 1,000. பழைய அடுக்ககத்தில் மெயின்டனன்ஸ் 1,500. புறநகர் வளாகத்தில் சதுர அடிக்கு 3.50 வீதம் 900 சதுர அடிக்கு 3,150. இதில் வித்தியாசம் 1,650. லாரி, கேன் தண்ணீருக்கு மாதம் 1,000. எல்லாம் போக மிச்சம் 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதற்காகப் பயணத்தில் ஒவ்வொரு தடவையும் 50 நிமிடம் கூடினால் மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு 160 ரூபாய். உங்கள் நேரத்தை அந்த விலைக்கு விற்கச் சம்மதமா என்பதே கேள்வி.

அதே ஆள் மாதத்தில் 9 நாள் மட்டும் அலுவலகம் போனால் கணக்கு புரண்டுவிடும். பெட்ரோலும் தேய்மானமும் சேர்த்து 1,400-தான் கூடுதல். கையில் நிற்பது 8,000 ரூபாய்க்கு அருகில். கூடுதல் பயணம் 15 மணி நேரம். மணிக்கு 500 ரூபாய்க்கு மேல். அங்கே புறநகர் ஜெயிக்கிறது. ஆனால் 'வாரம் இரண்டு நாள் வந்தால் போதும்' என்ற ஏற்பாட்டை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒப்பந்தத்தில் லாக்-இன் காலம் (இடையில் காலி செய்ய முடியாத காலம்) ஆறு மாதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பயணம் இலவசம். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் இது கணக்கையே மாற்றும். அந்தப் பேருந்து அந்தத் தெருமுனைக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கேட்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். வீடு சென்னையில் இருந்தால் உச்சவரம்பு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். சென்னைக்கு வெளியே இருந்தால் 40. அலுவலகம் எங்கே என்பது இதில் கணக்கில்லை, நீங்கள் குடியிருக்கும் வீடு எங்கே என்பதுதான். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும். தர மறுக்கும் வீட்டுக்காரரும் உண்டு என்பதால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும்

மின்சாரம்: உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பா, சப் மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே ஏறிவிடும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலித்தால் இந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. புது வளாகமாக இருந்தால் நிரந்தர இணைப்பு வந்துவிட்டதா என்று கேளுங்கள். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஆட்களைக் குடிவைத்தால் கட்டணம் பல மடங்கு.

ஊருக்குள் இருக்கும் பழைய மூன்று மாடி அடுக்ககங்களில் லிப்ட் இருக்காது, கார் நிறுத்த இடம் இருக்காது, வயரிங் பழசு. இரண்டு ஏ.சி. போட முடியுமா, மும்முனை இணைப்பா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மேல்மாடி என்றால் கூரையில் ஈரக்கசிவும், மற்ற மாடி என்றால் மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே உள்ள சுவரும் பார்க்க வேண்டியவை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு பகுதி மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அதற்கு அடியில் ஈரம்.

புறநகரின் பெரிய வளாகங்களில் வேறு சிக்கல். சொன்ன பரப்பு சூப்பர் பில்ட்-அப், அதாவது சுவரும் பொது இடங்களும் சேர்த்த கணக்கு; உள்ளே நடக்கும் இடம் அதில் முக்கால் பங்குகூட இல்லாமல் போகலாம். டேப் கொண்டுபோய் அளந்து பாருங்கள். போன் சிக்னலைப் படுக்கையறைக்குள் நின்று சோதியுங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் எந்த பைபர் நிறுவனம் அந்தக் கட்டடத்துக்குள் கம்பி இழுத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். சில இடங்களில் ஒரே நிறுவனத்துக்கு மட்டும்தான் சங்கம் அனுமதி கொடுத்திருக்கும். மெயின் ரோட்டிலிருந்து வளாகம் வரை தெருவிளக்கு எரிகிறதா என்று இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் பெண்களுக்கு இது கடைசியாகக் கேட்கிற கேள்வியாக இருக்கக்கூடாது.

அட்வான்ஸ், ஒப்பந்தம்

2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஊருக்குள் ஐந்து, ஆறு மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தைச் சுட்டிக்காட்டிப் பேசுங்கள். மரியாதையாகக் கேட்டால் பலர் இறங்கி வருவார்கள். 26,000 வாடகைக்கு ஐந்து மாதம் என்றால் 1,30,000 ரூபாய் முடங்குகிறது.

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே நெடுநாள் வழக்கம். எவ்வளவு, எத்தனை மாதம் குடியிருந்தால் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாடகை உயர்வு சதவீதம், முன்னறிவிப்புக் காலம், மெயின்டனன்ஸை யார் கட்டுவது, குடியேறும்போது சங்கம் கேட்கும் கட்டணம் என்று அத்தனையும் எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டைப் பார்க்காமல் டோக்கன் அனுப்பாதீர்கள். 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊரில் பணி, முதலில் பணம் போடுங்கள்' என்பது பழகிப்போன மோசடி. ஈ.பி. பில்லில் உள்ள பெயரும், சொத்துவரி ரசீதில் உள்ள பெயரும், பணம் வாங்குகிறவரின் வங்கிக்கணக்குப் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம்.

எப்போது தேடுவது

முதல் மூன்று நான்கு வாரம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் விடுதி அறையோ மாத வாடகை அறையோ எடுத்துத் தங்குங்கள். ஊரிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வந்து வீடு முடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஆறாவது மாதம் மாற்றுகிறார்கள். பேக்கர்ஸ் செலவும் பெயின்டிங் பிடித்தமும் தரகரின் ஒரு மாத வாடகையும் சேர்ந்து, மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும். பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன்பு வீட்டுக்குப் போட்டி அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டுக்கு யாரும் பால் காய்ச்சுவதில்லை என்பதால் காலியான வீடுகள் காலியாகவே நிற்கும். நாள் பார்க்காதவருக்கு வாடகை பேச அதுதான் நல்ல சமயம்.

தம்பதி இருவரும் எதிரெதிர் திசையில் வேலைக்குப் போகிறார்கள் என்றால் கிண்டியிலிருந்து பரங்கிமலை வழியாகக் குரோம்பேட்டை வரையுள்ள ரயில் தடத்தில்தான் முதலில் தேடுவோம். பரங்கிமலையில் மின்சார ரயிலும் மெட்ரோவும் சந்திக்கின்றன. ஒருவருக்கு வேலை மாறினாலும் வீடு மாற்ற வேண்டியிருக்காது. தனியாக வருகிறவருக்கு முதல் வருடம் ஊருக்குள் ஒரு சின்ன வீடே நல்லது. தெரியாத ஊரில் கடையும் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருப்பது பெரிய தைரியம். ஆனால் பேச்சிலருக்கு வீடு தர யோசிக்கும் தெருக்கள் ஊருக்குள் நிறைய. அப்படித் திருப்பி அனுப்பினால் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) வளாகங்களில் கேளுங்கள், அங்கே கிடைக்கும். பள்ளி போகும் பிள்ளைகள் இருந்தால் பள்ளியை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பள்ளி வேன் வரும் தெருக்களில் மட்டும் தேடுங்கள்.

சாவி வாங்கும் நாளில் மின் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். சுவர், குழாய், கதவு, கீசர் எல்லாவற்றையும் ஓட்டையும் கீறலும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அதையும் சேர்த்து அனுப்புங்கள்.